பூஜை போட்ட வண்டியும் புது ஹேண்டில்பாரும்

புதுச்சேரியில் புது வண்டி வாங்குகிறவர் முதலில் போவது பெட்ரோல் பங்குக்கு. அடுத்துப் போவது பெரும்பாலும் மணக்குள விநாயகர் கோயிலுக்கு. வண்டியைக் கோயிலுக்கு எதிரே நிறுத்தி, ஹெட்லைட்டிலும் டேங்கிலும் சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புவதை அந்த வீதியில் நடக்கிற எவரும் பார்த்திருப்பார்கள். பிறகு சில மாதங்கள் ஓடுகின்றன. ஓட்டுகிறவருக்கு மணிக்கட்டு வலிக்கிறது, தோள் இறுகுகிறது, அல்லது வண்டி இன்னும் கம்பீரமாக இருந்தால் என்ன என்று தோன்றுகிறது. கம்பெனி போட்டுக் கொடுத்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய வேறொன்றைப் போட்டுக்கொள்கிறார். மாலை விழுந்த பழைய கம்பி ஒர்க் ஷாப் மூலையில் பழைய இரும்போடு சேர்கிறது. இனி சாலையில் ஓடப்போவது பூஜை போட்ட அதே வண்டிதானா? அந்த ஆசி புதுக் கம்பிக்கும் சேருமா, பழைய கம்பியோடு போய்விட்டதா?

அற்பமான கேள்வி என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு பொருளுக்கு ஆசி உண்டு என்று நம்புகிறவர், அந்த ஆசி பொருளில் எங்கே இருக்கிறது என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நம்பாதவருக்கும் கேள்வி வேறு உருவில் உண்டு: ஒரு பாகத்தை மாற்றும்போது முழுமைக்கு என்ன ஆகிறது? அதிலும் ஹேண்டில்பார் சீட் கவரைப் போலவோ மட்கார்டைப் போலவோ ஒரு பாகம் இல்லை. ஓட்டுகிறவரின் எண்ணம் வண்டிக்குள் இறங்கும் வழி அது. கடோபநிடதம் உடலைத் தேர் என்றும், புத்தியைத் தேரோட்டி என்றும், மனதைக் கடிவாளம் என்றும், புலன்களைக் குதிரைகள் என்றும் வகுத்தது. தேரில் கடிவாளம் இருந்த இடத்தில்தான் மோட்டார் சைக்கிளில் ஹேண்டில்பார் இருக்கிறது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் அந்த ஒரு குழாயில் வந்து உட்காருகின்றன. ஆகவே அதை மாற்றுகிறவர் வண்டிக்கும் தனக்கும் உள்ள உறவையே மாற்றுகிறார். ஆசி இருப்பது பாகத்தில் இல்லை, பாகங்கள் சேரும் பிணைப்பில்தான் என்பது என் முடிவு. பிணைப்பை அக்கறையோடு மீண்டும் கட்டியவருக்கு மறுபூஜை தேவைப்படாது. அலட்சியமாகக் கட்டியவர் பூஜையைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டார். இந்த முடிவுக்கு எப்படி வருகிறேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் தத்துவவாதிகளிடம் போவோம். பாலி மொழியில் உள்ள மிலிந்தபன்ஹாவில், கிரேக்க அரசன் மிலிந்தனிடம் பிக்கு நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவும் இல்லை என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். பாகங்கள் கூடியிருக்கும்போது வழக்கத்துக்காக வைத்த பெயர்தான் தேர், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது பௌத்த முடிவு. இதற்கு நேர் எதிரில் நிற்பவர்கள் நியாய, வைசேடிக மரபினர். மணிமேகலையில் சமயக்கணக்கர் வரிசையில் வைசேடிகவாதியும் வந்து தன் கொள்கையைச் சொல்வதால் தமிழுக்கு அந்தத் தரப்பு புதிதல்ல. அவர்கள் கணக்கில் முழுமை என்பது பாகங்களிலிருந்து வேறான, மெய்யான ஒரு பொருள். பாகத்தை அவயவம் என்றும் முழுமையை அவயவி என்றும் சொல்வார்கள். ஆனால் அந்த மெய்ம்மைக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. ஒரு பாகம் நீங்கினாலே பழைய முழுமை அழிந்து புதிய முழுமை பிறக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் நம் வண்டியில் பொருத்திப் பாருங்கள். நாகசேனர் சொல்வது சரியென்றால், ஆசி வாங்கிக்கொள்ள அங்கே பொருளே இல்லை, பெயர்தான் இருந்தது. வைசேடிகர் சொல்வது சரியென்றால், பிரேக் ஷூ தேய்ந்த அன்றே, பல்பு மாற்றிய அன்றே பூஜை போட்ட வண்டி அழிந்துவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் வாகன பூஜை அர்த்தமில்லாததாகிறது. பொருள்களைப் பிரித்தும் சேர்த்தும் புனிதத்தைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அடுத்த வழி.

அந்தத் தொழிலில் நெடுங்காலம் தோய்ந்தவை நம் ஆகமங்கள். சிற்பி செதுக்கி முடித்த கல் இன்னும் கல்தான். அது பீடத்தில் நிறுத்தப்பட்டு, அடியில் அஷ்டபந்தன மருந்து சாத்தப்பட்டு, மந்திரத்தால் சக்தி எழுந்தருளும்போதுதான் மூர்த்தியாகிறது. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டையும் இடித்துப் பிசைந்து செய்யும் அந்தச் சாந்து, சிலைக்கும் பீடத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்கிறது. காலப்போக்கில் அது காய்ந்து வெடிக்கிறது. அபிஷேக நீர் உள்ளே இறங்கத் தொடங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற வழக்கத்தின் நடுவில் இருப்பது இந்த மருந்தைப் புதுப்பிக்கும் வேலைதான். வேலை தொடங்குமுன் மூர்த்தியின் சக்தியைக் கும்ப நீருக்குள் வாங்கி, தற்காலிகச் சந்நிதியான பாலாலயத்தில் வைத்து, திருப்பணி முடிந்த பிறகு திரும்பச் சேர்ப்பார்கள். சிலையே பழுதானால் எது முக்கிய அங்கம், எது உபாங்கம் என்று பிரித்துப் பார்க்கிறது ஜீர்ணோத்தாரண விதி. சிறு உறுப்பில் பழுதென்றால் சரிசெய்து தொடரலாம். முக்கிய அங்கம் உடைந்தால் மூர்த்தியையே மாற்ற வேண்டும். இதில் என்னை நிறுத்துவது ஒரு விவரம். ஆகமம் மாறுதலுக்கு அஞ்சவில்லை. கல் மாறலாம், சாந்து மாறலாம், ஒருகாலத்துக்குத் தெய்வம் ஒரு குடம் தண்ணீரிலும் இருக்கலாம். அது அஞ்சுவதெல்லாம் இணைப்பு தளர்வதற்கும், தளர்ந்ததைக் கவனிக்காமல் வழிபாட்டைத் தொடர்வதற்கும்தான்.

மணக்குள விநாயகர் கோயிலிலிருந்து சில தெரு நடந்தால் சம்பா கோயில் வந்துவிடும். 1791இல் எழுந்த அந்தப் பேராலயம் சார்ந்த கத்தோலிக்க மரபும் இதே கேள்வியைத் தன் சட்டத்தில் எழுதி வைத்திருந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 1983இல் புதிய தொகுப்பு வரும் வரை நடைமுறையில் இருந்தது. அதில் இரண்டு விதிகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். பூசைக்குரிய கிண்ணத்தின் பொன்முலாம் தேய்ந்து, மறுபடி முலாம் பூசினாலும் அதன் அபிஷேகம் போவதில்லை என்கிறது ஒன்று. அசையாப் பீடத்தின் மேற்கல் தன் அடித்தாங்கலிலிருந்து ஒரு கணம் பிரிந்தாலும் பீடம் தன் அபிஷேகத்தை இழக்கிறது என்கிறது மற்றொன்று. முதலாவதில் பொருளே மாறியிருக்கிறது, பூச்சு முழுதும் புதிது. ஆனாலும் புனிதம் நிற்கிறது. இரண்டாவதில் ஒரு துகள்கூட மாறவில்லை, அதே மேற்கல், அதே தாங்கல். ஆனாலும் புனிதம் போய்விடுகிறது. பொருள் எது என்பதை விடச் சேர்க்கை எது என்பதையே அந்தச் சட்டம் கண்ணில் வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒன்றை ஒன்று கேட்டு எழுதிக்கொண்டவை அல்ல இந்த இரண்டு மரபுகளும். ஒன்று தமிழ் நாட்டுக் கருவறையில் வளர்ந்தது, மற்றது ரோமாபுரியில். இரண்டும் ஒரே இடத்தில் விரல் வைக்கின்றன என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உடனே ஒரு மறுப்பு எழும். மேற்கல் ஒரு கணம் பிரிந்தாலே அபிஷேகம் போய்விடும் என்றால், கிளாம்ப் போல்ட்டைக் கழற்றிய நொடியிலேயே வண்டியின் ஆசியும் போய்விட்டதே, உன் வாதம் உனக்கே எதிராகத் திரும்புகிறதே என்று கேட்கலாம். பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஹேண்டில்பார் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி, ஆசி பெற்ற அந்த வண்டி இல்லை. பயணத்துக்காகத்தான் ஆசி கேட்கப்பட்டது. பயணம் போக முடியாத ஒன்றின் மீது அது எப்படி நிற்கும்? ஆனால் அதே சட்டம் அடுத்த வரியில், அப்படிப் பிரிந்த பீடத்தை மீண்டும் அபிஷேகம் செய்ய ஆயர் ஒரு குருவுக்கே அனுமதி தரலாம், சுருக்கமான சடங்கே போதும் என்றது. முதல்முறை செய்த பெரிய சடங்கைத் திரும்ப நடத்தச் சொல்லவில்லை. ஆகமத்திலும் பாலாலயம் முடிந்து சக்தி திரும்புவது பழைய தெய்வத்தின் தொடர்ச்சியாகவே கொள்ளப்படுகிறது. வண்டிக்கும் அந்தச் சுருக்கமான சடங்கு உண்டு. அது நடக்கும் இடம் ஒர்க் ஷாப், செய்கிறவர் மெக்கானிக்.

அந்தச் சடங்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் இங்கேதான் நிற்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளின் ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர் குழாய். தடித்த வகைக் கம்பியில் நடுப்பகுதி 28.6 மில்லிமீட்டர், அதற்குக் கிளாம்ப்பும் வேறு. அளவு பொருந்தாத கம்பியைத் தகரம் சுற்றி இறுக்குவது அஷ்டபந்தனத்துக்குப் பதில் களிமண் அப்புவதற்குச் சமம். அகலம், உயரம், ஓட்டுகிறவரை நோக்கி எவ்வளவு வளைந்து வருகிறது என்ற மூன்றும் தேர்வில் முக்கியம். பழைய கம்பியில் சுவிட்ச் பாக்ஸ் உட்காரும் இடத்தில் ஒரு சிறு துளை இருக்கும்; பாக்ஸின் உள்ளே இருக்கும் முளை அதில் போய் நிற்கும். புதுக் கம்பியில் துளை இல்லையென்றால் முளையை அறுத்துவிட்டு மாட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். ஒருநாள் அவசரத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது பாக்ஸே சேர்ந்து சுழன்றால் கை எதைப் பிடித்திருக்கிறது என்றே தெரியாமல் போகும். கிளாம்ப்பின் போல்ட்டுகளையும் கண்டபடி முறுக்கக் கூடாது. வண்டிக்கான கையேடு சொல்லும் வரிசையில் ஏற்றி, அது சொல்லும் இறுக்கத்தில் நிறுத்த வேண்டும். அதிகம் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். குறைந்தால் குழியில் இறங்கும்போது கம்பி கையிலேயே சுழலும்.

கம்பியின் உயரம் கூடினால் ஒயர்கள் போதாமல் போகும். கிளட்ச் ஒயர் விறைத்தால் கிளட்ச் பாதி அழுத்திய நிலையிலேயே இருந்து தேயும். ஆக்ஸிலேட்டர் ஒயர் விறைத்தால் இன்னும் மோசம். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஏறினால் ஒயர் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே சாலைக்குப் போனால், நெரிசலில் யூ டர்ன் எடுக்கும் நொடியில், யாரும் திருகாமலேயே வண்டி வேகமெடுக்கும். முன் டிஸ்க் பிரேக்கின் ஓஸ் இரண்டு கோடியிலும் விறைக்காமல், எங்கும் உரசாமல் இருக்கிறதா, பிரேக் ஆயில் டப்பா அளவுக்கு மேல் சாயாமல் நிற்கிறதா, முழுதாகத் திருப்பினால் லிவருக்கும் டேங்குக்கும் நடுவில் விரல் நசுங்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கடலோர ஊர் என்பதால் புதுச்சேரிக்கென்று இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றில் குரோம் முலாம் முதலில் உரிவது வெளிப்பார்வைக்குத் தெரியும் இடத்தில் மட்டும் இல்லை. கிளாம்ப்பின் விளிம்பில், ஈரம் தங்கி நிற்கும் மெல்லிய கோட்டிலும் துரு கிளம்பும். விலை குறைந்த முலாமில் இது சீக்கிரம் வரும். அங்கே கம்பி பலவீனமானால் வெளியே பளபளப்பாகவே இருந்துகொண்டு உள்ளே முறியத் தயாராகும். அஷ்டபந்தனத்தில் நீர் இறங்குவதைக் கவனிக்கச் சொன்னவர்களுக்கு இந்தத் துருவின் பொருள் உடனே புரிந்திருக்கும்.

வண்டிக்குள் இருக்கும் பிணைப்போடு இது முடிவதில்லை. கம்பிக்கும் உடலுக்கும் உள்ள பிணைப்பு இரண்டாவது. சைவ சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும் உயிருக்கு இறைவன் கொடுத்தவை என்கிறது. உடலே உயிருக்குக் கொடுக்கப்பட்ட கருவி என்று மெய்கண்ட சாத்திரங்கள் பேசும்போது, அந்தக் கருவி இன்னொரு கருவியைப் பிடிக்கும் இடம் சமயத்துக்கு வெளியே போக முடியாது. தொழிற்சாலை ஒரு மாடலுக்கு ஒரே கம்பியைத்தான் வைக்கிறது. ஐந்தடி உயரப் பெண்ணும் ஆறடி உயர ஆணும் அதையே பிடிக்கிறார்கள். அந்தக் கம்பி எந்தத் தனி உடலுக்காகவும் வளைக்கப்பட்டதில்லை. தாழ்வான கிளிப்-ஆன் கம்பி உடல் எடையை உள்ளங்கையில் இறக்கி விரல்களை மரக்கச் செய்யும். தோளுக்கு மேல் கையைத் தூக்கிப் பிடிக்க வைக்கும் உயரக் கம்பி கொஞ்ச நேரத்திலேயே தோளைக் களைக்க வைக்கும். அவசரத்துக்குக் கை சட்டென்று வராது. வலிக்கிற உடல் தன்னையே நினைத்துக்கொண்டிருக்கும், சாலையை நினைக்காது. சரியாக அமைந்த கம்பியின் அடையாளம், ஓட்டும்போது அது ஓட்டுகிறவரின் நினைவில் இல்லாமல் போவதுதான். தெருவோடு உள்ள பிணைப்பு மூன்றாவது. காந்தி வீதியிலோ பாரதி வீதியிலோ மாலை நேரத்தில் சைக்கிளும் ஆட்டோவும் காய்கறிப் பைகளும் நெருக்கும்போது, மிக அகலமான கம்பி அடுத்தவரின் முழங்கையில் இடிக்கும். அந்த இடி பட்டவருக்கும் இந்தப் பூஜையில் பங்கு உண்டு என்பதை ஓட்டுகிறவர் மறந்துவிடக் கூடாது.

ஆசைக்குச் சமயச் சாயம் பூசுகிறாய் என்று சிலர் சொல்வார்கள். கிடைத்ததை ஏற்றுக்கொள்வதே பக்தி. அலங்காரத்துக்காகக் கம்பி மாற்றுவது ஆணவத்தின் வேலை, அதை வளர்க்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம்தான். தெருவில் தன்னைப் பார்க்க வைப்பதற்காகவே கையைத் தூக்கிப் பிடித்து ஓட்டுகிறவரிடம் அது நியாயமாகவே சொல்லப்பட வேண்டும். ஆனால் கிடைத்தது என்ற சொல்லுக்குள் தொழிற்சாலையின் வசதியும் அடங்கிவிடுகிறது. கம்பெனி வைத்த கம்பி விதி இல்லை. ஒரு பொறியாளர் எடுத்த முடிவு. தெய்வத்தின் கொடைக்கு உரிய பணிவை ஒரு தயாரிப்பாளரின் சராசரிக் கணக்குக்குக் கொடுப்பதும் ஒருவகை உருவ வழிபாடுதான், அதுவும் தவறான உருவத்துக்கு. தோள் வலியோடு ஓட்டுவதைத் தவம் என்று நினைக்கிறவர், அந்த வலியால் ஒரு நொடி தாமதமாகப் பிரேக் பிடித்தால் தவத்தின் விலையைக் குறுக்கே வந்தவர் கொடுப்பார். அழகுக்காக மாற்றுவதையும் நான் முழுவதும் ஒதுக்கமாட்டேன். உற்சவ மூர்த்திக்கு நாம் செய்யும் அலங்காரம் எதற்கு? அழகு பிணைப்பைக் கெடுக்காத வரை அதற்கு இடம் உண்டு. கெடுக்கும் இடத்தில் அதற்கு உரிமை முடிகிறது.

இதெல்லாம் மெக்கானிக் வேலை, சமயத்தை ஸ்பானர் அளவுக்கு இறக்காதே என்று இன்னொரு பக்கத்திலிருந்து குரல் வரும். புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்த வாதத்தைச் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் 1910இல் இங்கே வந்தார். 1926இல் உருவான ஆசிரமத்தை நடத்திய அன்னை, நாம் பயன்படுத்தும் பொருள்களைப் பேணாமல் விடுவது உணர்வின்மையின் அடையாளம் என்று திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். ஜடத்துக்குள்ளும் உறங்கும் உணர்வு இருக்கிறது, அதை விழிக்கச் செய்வதே யோகம் என்பது அவர்கள் இருவரின் கொள்கை. அந்தக் கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் தச்சுப் பட்டறையையும் சமையலறையையும் சாதனையின் இடமாக எண்ணி வாழ்ந்த ஒரு சமூகம் இதே தெருக்களில் இருக்கிறது. ஸ்பானர் பிடித்த கையைச் சமயத்துக்கு வெளியே நிறுத்தும் பழக்கம் இந்த ஊருடையது இல்லை. சரஸ்வதி பூஜையன்று சுத்தியலுக்கும் பொட்டு வைக்கும் தமிழ் வழக்கம் அதற்கும் முந்தையது. பொட்டு வைத்த சுத்தியலை மறுநாள் எப்படிப் பிடிக்கிறோம் என்ற கேள்வியைத்தான் நான் கேட்கிறேன்.

சட்டத்தின் பக்கத்திலிருந்தும் மறுப்பு உண்டு. அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஆனால் மதிப்போடு சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. என் வாதத்துக்கு இது எதிரி இல்லை. சட்டமும் வண்டியைத் தனித்தனி இரும்புகளாகப் பார்க்கவில்லை. சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற ஒரு சேர்க்கையாகப் பார்க்கிறது. அந்தச் சேர்க்கையைக் கலைப்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. வண்டி தயாரித்த நிறுவனமே தன் மாடலுக்கென்று விற்கும் கம்பியைத் தேர்வதும், சந்தேகம் இருந்தால் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதும் பிணைப்பைப் பேணும் வேலையின் ஒரு பகுதிதான். யாருக்கும் தெரியாமல் மாற்றிக்கொள்வதில் பெருமை இல்லை.

கடைசியாக, எனக்கே கடினமான மறுப்பு. சோதனைதான் சுருக்கமான சடங்கு என்றால், முதல் பூஜையே எதற்கு? நல்ல மெக்கானிக் போதுமே, விநாயகர் எதற்கு? இதற்கு நான் கொடுக்கும் பதில் கத்தோலிக்க ஆசிமொழி நூலிலிருந்து கிடைக்கிறது. 1984இல் வெளிவந்த அந்த நூலில் வாகனங்களுக்கான ஆசியும் உண்டு. அந்த மன்றாட்டு இரும்பைப் பற்றிப் பேசுவதைவிட, வண்டியைப் பயன்படுத்துகிறவர் மற்றவர்களின் பாதுகாப்பிலும் அக்கறையோடு பயணம் செய்ய வேண்டும் என்பதையே கேட்கிறது. கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றும்போதும் நாம் செய்வது அதுதான். வண்டியைத் தனிச் சொத்தாக வாங்கினாலும், தெருவுக்கு அது பொதுவான ஒன்று என்று ஊர் அறிய, தெய்வம் அறிய ஒப்புக்கொள்கிறோம். மெக்கானிக் மட்டும் இருந்தால் வண்டி ஓட்டுகிறவருக்காக நன்றாக ஓடும். அந்த ஒப்புதலும் சேர்ந்தால்தான் மற்றவர்களுக்காகவும் நன்றாக ஓட வேண்டிய கடமை வருகிறது. சோதனை அந்தக் கடமையை நிறைவேற்றும் வழி. பூஜை இல்லாத சோதனை நல்ல தொழில். சோதனை இல்லாத பூஜையோ, கேட்ட ஆசியைக் கேட்ட நொடியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது.

ஆகவே கம்பி மாற்றியவர் மறுபடி கோயிலுக்குப் போக விரும்பினால் தாராளமாகப் போகலாம். போகவில்லையென்றால் எதுவும் குறைந்துபோகாது. ஒயரும் ஓஸும் கிளாம்ப்பும் சரிபார்க்கப்படாமல் ஓட்டினால் குறைந்துபோகும், எத்தனை எலுமிச்சம்பழம் நசுக்கினாலும். புதுச்சேரியின் ஒர்க் ஷாப்புகளில் ஆயுத பூஜையன்று கருவிகளைக் கழுவித் துடைத்துப் படத்தின் முன் அடுக்குகிறார்கள். மறுநாள் விஜயதசமியில் முதல் வேலையைத் தொடங்குகிறார்கள். மெக்கானிக் அண்ணன்மாரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த நாளில் வாசலுக்கு வரும் முதல் வண்டிக்கு, அது எந்தப் பழுதுக்காக வந்திருந்தாலும், எஞ்சினை ஓட விட்டு ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள், ஹேண்டில் திரும்பும் கோன் செட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், கிளாம்ப் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள்.